வாங்கா விரதம்

சம்பூரில் ஆசிரியையாகப் பணிபுரியும் என் முன்னாள் மாணவி ஒருவர், சென்ற தைப்பொங்கல் முதல் வருகிற தைப்பொங்கல் வரை தமக்கென்று புதிய பொருள் எதையும் வாங்குவதில்லை என்று விரதம் பூண்டிருக்கிறார். அரிசி, மீன், மருந்து, பிள்ளையின் கொப்பி, பென்சில் ஆகியன விலக்கு. சீலை, செருப்பு, கைப்பை, பாத்திரம், கதிரை, மின்சாரச் சாமான் எதுவும் கூடாது. கிழிந்தால் தைப்பது, உடைந்தால் திருத்துவது, இல்லையென்றால் இரவல் கேட்பது. இவ்வளவே விதி.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவரை அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள். திருகோணமலைக்கு ஒரு கடிதம் பதியச் சென்றாலும் இரண்டு பொதியுடன் திரும்புகிறவர் அவர். இரவு பிள்ளை உறங்கியபின் கைத்தொலைபேசியைத் திறந்து, தேவையற்ற ஒரு பொருளின் நாற்பது படங்களைப் பார்த்து, நாற்பத்தோராவதை வாங்கிவிடுவார். விரதம் தொடங்கிய அன்று அலுமாரியைத் திறந்து எண்ணினாராம். மடிப்புக் கலையாத சீலைகள் மாத்திரம் பதினொன்று இருந்தன. "எப்ப வாங்கினது எண்டு எனக்கே தெரியாது, சேர்" என்றார்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சிரிப்பே வந்தது. தின்று சலித்தவன் உபவாசம் இருப்பதுபோல, செல்வந்த நாட்டாருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. நமக்கேன் இந்தப் பாவனை என்று எண்ணினேன். பின்னர் நான் வெட்கப்படும்படி நேர்ந்தது. வெட்கத்துக்குக் காரணம் அவருடைய தாயார். அந்த அம்மா இந்த விரதத்தைக் கேட்டு மகள்மீது கோபங்கொண்டு, "ஒம்பது வருஷம் வாங்காமத்தானே கிடந்தம், இன்னும் போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

இக்கேள்விக்கு விடைகாண வேண்டுமானால், வாங்காதிருத்தல் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை நாம் உணர்தல் வேண்டும். வாங்குவதன் வரலாற்றை எழுதினோர் பலர். வாணிகத்தின் வரலாறு, கப்பல்களின் வரலாறு, சந்தைகளின் வரலாறு என்று அது நூலகங்களை நிறைத்திருக்கிறது. வாங்காமல் இருந்தவர்களின் வரலாறு அவ்வாறு ஓரிடத்தில் கிடைப்பதில்லை.

சம்பூர் அமைந்திருப்பது கொட்டியாரக் குடாவின் தென்கரையில். எதிர்க்கரையில் திருகோணமலைத் துறைமுகம். குடாவின் இக்கரையில் நின்று அக்கரையின் விளக்குகளை எண்ணியே தலைமுறைகள் வளர்ந்தன. இக்குடாவுக்கு வந்த கப்பல்களுள் உலகம் நன்கு அறிந்தது 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், புதுமரம் நாட்டும் பொருட்டுக் கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. சும்மா அனுப்பவில்லை. மரம் வெட்டும் காலத்திலும் வியாபாரம் நடக்கட்டும் என்று துணி ஏற்றி, பரங்கிப்பேட்டை வணிகர்களையும் உடன் ஏற்றி அனுப்பினர். கம்பனிகளின் கணக்கு அன்றும் அப்படித்தான் இருந்தது.

1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பலின் தலைவரையும், அவர் மகன் ரொபேட் நொக்ஸ் உள்ளிட்ட சிலரையும் சிறைபிடித்தனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டில் கிடந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் நொக்ஸ் வெளியிட்ட நூலை வரலாற்று மாணவர் அறிவர். துணி விற்க வந்த கப்பலில் வந்தவர்கள், தங்கள் உடை கந்தலானபின் காற்சட்டையை விட்டு நாட்டாரின் அரைத்துணிக்கு மாறினர். நொக்ஸ் தொப்பி பின்னி விற்று வயிறு வளர்த்தார். வாங்க முடியாத நிலை வந்ததும் கை தொழிலைக் கற்றுக்கொண்டது. எனினும் அது அவர்கள் விரும்பி ஏற்ற எளிமையன்று. கைதியின் எளிமை அது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேலே செல்லவேண்டும்.

விரும்பி வாங்காதிருந்தோரை இனி நோக்குவோம். 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் பொக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் சீனி அடிமைகளின் இரத்தத்தால் விளைந்தது. ஆதலால் அதை வாங்காதீர் என்பதே அதன் சாரம். மூன்று இலட்சம் பேர்வரை சீனியைக் கைவிட்டனர் என்று அடிமை வாணிக எதிர்ப்பாளர் தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள், தம் ஆட்சிக்குட்பட்ட ஒரே இடமாகிய தேநீர் மேசையில் தம் அரசியலை நடத்தினர். அடிமை வாணிகத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் தடைசெய்தது 1807இல்தான். சீனியை விட்டதனால் மட்டும் அது நிகழ்ந்தது என்று சொல்வது மிகை. அடிமைகள் தாமே நடத்திய கிளர்ச்சிகளை மறைப்பதுமாகும். ஆனால் தன் கிண்ணத்தில் கரைவது யாருடைய உழைப்பு என்ற கேள்வி, முதன்முதலாக இலட்சக்கணக்கான வீடுகளில் எழுந்தது அப்போதுதான்.

நம் பக்கத்தில், 1905 ஆகஸ்ட் 7ஆந் திகதி கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருட் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. அதன் அலை தமிழ்க் கரையில் மோதியபோது துணியோடு நிற்கவில்லை, கப்பலையும் பற்றிக்கொண்டது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் ஓட்டிற்று. ஆங்கிலேயக் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் பலிக்காதபோது இலவசமாக ஏற்றிச் செல்வதாகக் கூறி, குடையும் கொடுத்தது என்பர். இன்று ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் பலகையைக் காணுந்தோறும் எனக்கு அந்தக் குடையே நினைவுக்கு வரும். இலவசக் குடையை மறுத்துக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. 1908இல் சிதம்பரம்பிள்ளை சிறை சென்றார், கம்பனி வீழ்ந்தது.

இவ்வியக்கங்களைப் போற்றுவோர் ஒன்றை மறைத்துவிடுவது வழக்கம். மறுப்பதற்கும் காசு வேண்டும். 1921இல் பம்பாயில் அந்நியத் துணிகள் குவித்து எரிக்கப்பட்டபோது, உடுத்த மறுதுணி இல்லாத மக்களின் நாட்டில் துணியை எரிக்கலாமா என்று இரவீந்திரநாத தாகூர் வருந்தினார். மலிவான மான்செஸ்டர் துணியை விற்றும் உடுத்தும் வாழ்ந்த ஏழை முசுலிம் குடியானவர்மீது பகிஷ்காரம் எவ்வாறு பாரமாக இறங்கிற்று என்பதை அவர் முன்னரே தம் நாவலில் காட்டியிருந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் காந்தியடிகள் மதுரைக்கு இரயிலில் வருகையில், அந்நியத் துணி உடுத்தியிருந்த பிரயாணிகளிடம் கதரைப்பற்றிப் பேசினார். கதர் வாங்க எங்களுக்குக் கட்டாது என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர்களுக்கு உபதேசம் செய்வதை விடுத்து, செப்டெம்பர் 22ஆந் திகதி மதுரையில் அவர் தம் உடையைக் குறைத்துக்கொண்டு அரைத்துணிக்கு மாறினார். காந்தியத்தின் வர்க்க சமரசக் கொள்கையை நாம் ஏற்பதில்லை. ஆயினும் ஏழைகள் கூறிய பதிலைக் காதுகொடுத்துக் கேட்டவர் என்பதை மறுப்பதற்கில்லை. 1931இல் அவர் லங்காஷயருக்குச் சென்று, பகிஷ்காரத்தால் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளரையும் நேரிற் சந்தித்தார். வாங்காமையின் சுமை எப்போதும் ஆலைமுதலாளியின் தலையில் மாத்திரம் இறங்குவதில்லை.

இலங்கையிலும் அந்த அலை வீசிற்று. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் தலைமையில் கதரையும் தேசிய உடையையும் சாதி எதிர்ப்பையும் ஒன்றாகப் பேசியது. அவர்களது அழைப்பில் காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்து கதர் நிதி திரட்டினார். தென்னிலங்கையில், போர் நிறுத்த நாளாகிய நவம்பர் 11இல் விற்கப்பட்ட பொப்பிப் பூவை வாங்க மறுத்து, அதற்கு மாறாகச் சூரியகாந்தி எனப்படாத நம் பூவரசம் பூவை விற்கும் 'சூரியமல்' இயக்கத்தை 1933 முதல் இடதுசாரி இளைஞர்கள் முன்னெடுத்தனர். பிரிட்டிஷ் படைவீரருக்குச் செல்லும் பணத்தை இந்நாட்டு ஏழைகளுக்குத் திருப்பினர். 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாய்ப் பரவியபோது அதே இளைஞர்கள் கிராமங்களில் மருந்தும் உணவும் சுமந்தனர். ஒரு பூவை வாங்க மறுத்ததிலிருந்து ஒரு கட்சி பிறந்தது என்று கூறினால் அது முழு உண்மையன்று, முழுப் பொய்யுமன்று.

இவை யாவும் மறுத்தோரின் கதைகள். மறுக்கப்பட்டோரின் கதை வேறு.

1942இல் யுத்தகால உணவுப் பங்கீடு வந்தது. கூப்பனும் சங்கக் கடையும் நம் மொழியில் நிலைத்தன. 1970 முதல் 1977 வரை அன்னியச் செலாவணி நெருக்கடியின் பேரால் அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அக்காலத்தைப் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற காலமாக மாத்திரம் நினைவுகூர்வோர் உளர். மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட வடபுலத்து விவசாயிக்கு அது கல்வீடு கட்டிய காலம் என்பதும் உண்மையே. 1977இல் கதவு திறந்தது; வெளிநாட்டு மிளகாய் வந்திறங்கியது; கல்வீடு கட்டியவன் கடன்காரனானான். வாங்கும் சுதந்திரம் என்று ஒருவருக்கு வழங்கப்பட்டது, விற்கும் வாழ்வு இன்னொருவரிடமிருந்து எடுக்கப்பட்டது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடை இவையனைத்திலும் கொடியது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. வடபுலத்து மாணவர்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு அந்த ஒளியில் பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்துச் சில்லைச் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டனர். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். இவற்றைக் கேட்டு இன்று சிலர் 'என்ன அருமையான சிக்கனம்' என்று வியக்கின்றனர். அந்த வியப்பு எனக்குக் கசக்கிறது. மறுசுழற்சி பற்றிய பாடமாக அதைச் சொல்பவர், அந்த வெளிச்சத்தில் ஒருமுறையேனும் இலத்திரனியற் பாடம் படித்துப் பார்க்கவேண்டும். தடை 2002 ஜனவரியில் நீங்கியது.

நான்கு ஆண்டுகளே கழிந்தன. 2006 ஏப்பிரல் 25ஆந் திகதி கொழும்பில் இராணுவத் தளபதிமீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே கொட்டியாரக் குடாவின் தென்கரைமீது குண்டுகள் விழுந்தன. சம்பூர் மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று தெற்கே ஓடி மட்டக்களப்பை அடைந்தனர். செப்டெம்பர் தொடக்கத்தில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. 2007இல் அது உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் நிலக்கரி மின்நிலையத்துக்கு என்றும் கைத்தொழில் வலயத்துக்கு என்றும் அந்நிலம் காகிதத்தில் கைமாறியது. உரியவர்களோ சில மைல் தொலைவில், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களிலிருந்தனர். 2015இலும் 2016இலும்தான் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. நிலக்கரி மின்நிலையத் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது.

அந்த ஆசிரியை ஊரைவிட்டு ஓடியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. முகாமில் அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு பொருளும் யாரோ தெரிந்தெடுத்துத் தந்தது. பாய், வாளி, நுளம்புவலை, சட்டை யாவும் அப்படியே. வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு நிறம் கேட்கும் உரிமை இல்லை. எல்லோருடைய வாளியும் ஒரே நீலம். 'எனக்கு அது வேண்டாம், இதைத் தாருங்கள்' என்று வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னது, முதற் சம்பளத்துடன் ஒரு சீலைக்கடையில் நின்றபோதுதான் என்று அவர் என்னிடம் சொன்னார். இதைக் கேட்டபின் அந்தப் பதினொரு சீலைகளைப் பற்றி நான் சிரிக்கவில்லை. பொருளாசை என்றும் பகட்டு என்றும் நாம் எளிதிற் பழிக்கும் ஒன்று, சிலருக்கு ஊர் திரும்பியதற்கான அத்தாட்சியாய் அமைந்துவிடுகிறது. தகரக் கொட்டிலில் வளர்ந்தவள் கண்ணாடி அலுமாரி வாங்குவதை நுகர்வு மோகம் என்று கொழும்பிலிருந்து கட்டுரை எழுதுவோர் சற்று நிதானித்து எழுதுதல் நன்று.

ஆயினும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. திரும்பி வந்தவர்களை வரவேற்க, பாதையும் மின்கம்பமும் ஒழுங்காக வருமுன்னரே தவணை வந்து காத்திருந்தது.

தவணை முறை புதிதன்று. சிங்கர் தையல் இயந்திரக் கம்பனி 1850களில் அமெரிக்காவில் அதைப் பரவலாக்கியது. முழு விலை கொடுக்க இயலாத குடும்பத்துக்கு இயந்திரத்தை முதலில் கொடுத்து, மாதந்தோறும் பணம் பெறுவது அதன் முறை. அக்கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. சரியாக நூறாண்டு கழித்துத் திறந்த பொருளாதாரம் வந்தது என்பது வெறும் தற்செயல். எனினும் நினைவில் வைக்க எளிது. தையல் இயந்திரத்துக்குத் தவணை கட்டியவள் அந்த இயந்திரத்தைக் கொண்டே தவணைக்கான பணத்தையும் உழைக்கக்கூடும். குளிர்சாதனப் பெட்டியோ தொலைக்காட்சியோ அவ்வாறு உழைத்துத் தராது. பொருள் வீட்டில் நிற்கும். அதற்காக ஆள் வெளியே உழைக்கவேண்டும். உற்பத்திக் கருவிக்கான கடனும் நுகர்வுக்கான கடனும் ஒரே தவணைப் புத்தகத்தில் எழுதப்படுவதால் ஒன்றாகிவிடமாட்டா.

போருக்குப்பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநின்று, ஒரு கடனைக் கட்ட மறு கடன் பெற்றனர். 2018இல் அரசே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. 2021 மார்ச் 8ஆந் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அவர்கள் சிங்களப் பெண்கள். தவணைப் புத்தகத்துக்கு இனமும் மொழியும் தெரியாது என்பதைப் பல மேடைப் பேச்சுக்களைவிட அவர்களின் பந்தல் நன்றாக விளக்கிற்று.

பின்னர் 2022. ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அரசு தன் தவணையை நிறுத்திவைக்கலாம். அதற்குப் பேச்சுவார்த்தை நடத்த நிபுணர்கள் உண்டு. ஓர் ஆசிரியையின் தவணை அப்படி நிற்பதில்லை.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. விரதத்தின் ஐந்தாம் மாதத்தில் அவர் வீட்டுக்குச் சென்றபோது, மேசைமேல் அவர் கணக்குக் கொப்பி இருந்தது. ஐந்து மாதத்தில் புதிதாக ஒரு கைக்குட்டையும் வாங்கவில்லை. அதை அவர் பெருமையோடு காட்டினார். ஆனால் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி முன்போலவே போய்க்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, வங்கிக் கடன் என்று மூன்று வரி ஒவ்வொரு பக்கத்திலும் மாறாமல் நின்றது.

"வாங்கிறதை நிப்பாட்டிப் பாத்தாத்தான் தெரியுது, சேர். நான் வாங்கிறது குறைவு, கட்டிறதுதான் கூட."

ஐந்து மாத விரதம் அவருக்குத் தந்த மிகப் பெரிய லாபம் இந்த ஒரு வாக்கியமே என்பேன். ஆசையை அடக்கினால் தீரும் என்று எண்ணித் தொடங்கினார். ஆசையின் பங்கு ஒரு சிறு பங்கே என்று கணக்குக் கொப்பி காட்டிவிட்டது. சீனியை விட்டவர்களுக்குத் தோட்ட முதலாளி தெரிந்தான்; சுதேசிக் கப்பலில் ஏறியவர்களுக்கு ஆங்கிலேயக் கம்பனி தெரிந்தது; பொப்பிப் பூவை மறுத்தவர்களுக்கு ஏகாதிபத்தியம் தெரிந்தது. இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியுடன் தனித்திருக்கும் பெண்ணுக்கு எதிரே எவரும் தெரிவதில்லை, தானே தெரிகிறாள். ஆதலால் தன்னையே குற்றவாளியாக்கித் தண்டனையும் விதித்துக்கொள்கிறாள். இந்தத் தனிமையே இன்றைய விரதத்துக்கும் அன்றைய பகிஷ்காரத்துக்கும் உள்ள வேறுபாடு. இப்போது அவரும் பாடசாலையில் இன்னும் மூன்று ஆசிரியைகளும் மாத முடிவில் தவணைப் புத்தகங்களை ஒன்றாக வைத்து, யார் எவ்வளவு வட்டி கட்டினர் என்று எழுதிப் பார்க்கின்றனர். வாசிக்கச் சலிப்பூட்டும் அட்டவணை அது. வட்டி வீதத்தை நாளுக்கு, மாதத்துக்கு, ஆண்டுக்கு என்று மாற்றிப் போட்டுப் பார்த்த கணித ஆசிரியைக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லையாம்.

தாயாரின் கோபம் இன்னும் முற்றாகத் தணியவில்லை. அவர் எதையும் வாங்குவதும் இல்லை. எதையும் எறிவதும் இல்லை. வெறும் போத்தல், பால்மா ரின், நூற்கட்டை எல்லாம் குசினித் தட்டில் வரிசையாக நிற்கின்றன. மகளின் விரதத்தை அவர் ஒரு விடயத்தில் மாத்திரம் ஏற்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது பொங்கற் பானை. முகாமில் ஒன்பது பொங்கலும் பழைய அலுமினியச் சட்டியில் பொங்கியதாம். ஊர் திரும்பியபின் ஒவ்வொரு தைக்கும் மூதூர்ச் சந்தைக்குத் தாமே சென்று, தட்டிப் பார்த்து, ஓசை கேட்டுப் புதுப்பானை வாங்குகிறார்.

விரதம் முடியும் நாளும் பொங்கல்தான். முதல்நாளே வாங்கவேண்டிய பானை விதிக்கு உட்பட்டதா என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து தாயாரின் குரல் வந்தது.

"பானை என்ர காசு. அதில ஒருத்தரும் கதைக்க வேணாம்."